அனுமதிப் பிரிவு பத்து வேலை நாட்களுக்குள் பதில் தரும்

"அடுத்த பருவத்துக்கு அணியில் சேரவிருக்கும் எவருடைய பெயரும், அவர் கையொப்பமிட்ட சம்மதமும் அனுமதிப் பிரிவின் எழுத்துமூல உறுதியும் செய்திப் பிரிவின் கைக்கு வந்த பின்னரே வெளியிடப்படும். அனுமதிப் பிரிவு, கேட்கப்பட்ட நாளிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் பதில் தரும்."

ரொறன்ரோவில் எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறைக் கைநூலில் இப்படி ஒரு விதி இருந்தது. அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். முதல் வாக்கியம் செய்திப் பிரிவில் இருந்த என்னைக் கட்டுப்படுத்தியது. ஆகவே அது கடைப்பிடிக்கப்பட்டது. இரண்டாவது வாக்கியம் எதிர்க் கட்டடத்தில் இருந்து மாணவர் சேர்க்கையைத் தீர்மானிக்கும் அனுமதிப் பிரிவைக் கட்டுப்படுத்தியது. ஆகவே அது அச்சிடப்பட்டது.

கல்லூரி விளையாட்டுச் செய்திப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலையைச் சொல்லித்தர நான் வரவில்லை. ஆட்ட அறிக்கை எழுதவும் படம் ஏற்றவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்குச் செய்தி எழுதியே ஓய்வு பெற்ற நான், ஒருநாளும் காலில் ஸ்கேற் மாட்டியதில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு: ஒரு விதி நடக்க வேண்டிய இடத்தில் நடக்காதபோது, நடுவில் அகப்பட்ட ஆளுக்கு என்ன செய்வது என்பது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆட்டச் செய்தி நேற்று நடந்ததைச் சொல்கிறது. அதில் பிழை விட்டால் திருத்தலாம். புதிதாகச் சேருபவர் பற்றிய செய்தி அப்படியல்ல. அது வெளியான மறுநிமிடமே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒரு பிள்ளை இன்ன கல்லூரிக்குப் போகிறாள் என்று வந்துவிட்டால், அவளைத் தேடிக்கொண்டிருந்த மற்றப் பயிற்சியாளர்கள் எல்லோரும் தொலைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். அவளுக்காக வைத்திருந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்கள். இது எந்தக் கைநூலிலும் இல்லை, ஆனாலும் எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். எழுதப்படாத விதிகளுக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. அதிலும் கோல்கீப்பர் என்றால் ஓர் அணி வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும். சில வருடம் எடுக்காது.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். நான் சேர்ந்த முதல் வாரம், எந்தச் செய்தியையும் விடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேள் என்றார்: இது பொய்யாகிப் போனால் ஆருக்கு ஆகக் கூடுதலான நட்டம்? அந்த ஆளோடு முதலில் பேசு, மற்றவர்களோடு பிறகு பேசலாம். பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும் எப்போதும் நேரம் இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு எனக்கு ஸ்டேப்ளர் எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

நான் ஓய்வு பெற்ற வருடத்துக்கு முந்திய வருடத்துக் குளிர்காலத்தில், எங்கள் பயிற்சியாளர் ஸ்காபரோவில் ஒரு கோல்கீப்பரைக் கண்டுபிடித்தார். பெயர் சகானா. பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலைப் பயிற்சிகளுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அந்தப் பக்கமே வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்கு எங்கள் கல்லூரியின் தாதியர் படிப்பும் எங்கள் அணியும் வேண்டும். வடக்கே ஒரு சின்ன நகரத்துக் கல்லூரியும் அவளைக் கேட்டிருந்தது. அதே படிப்பு அங்கேயும் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து காரில் அரை நாள் தூரம். சகானா எங்களுக்கே வாயால் சம்மதம் சொன்னாள். பயிற்சியாளர் துள்ளிக்கொண்டு வந்து, இன்றைக்கே செய்தியைப் போடு என்றார். அனுமதிப் பிரிவின் கடிதம் எங்கே என்றேன். அது ஒரு சம்பிரதாயம்தானே என்றார்.

அது சம்பிரதாயமாக இருக்கவில்லை. தாதியர் படிப்புக்கு வேதியியல் கட்டாயம், சகானாவின் காலைப் பயிற்சியோ பள்ளிக்கூட வேதியியல் வகுப்போடு மோதியது. அதனால் அவள் வேதியியலை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் நடக்கும் தனியார் மாலைப் பள்ளியில் படித்திருந்தாள். கீழே புடவைக்கடை, பக்கத்தில் மரக்கறிக் கடை, மேலே வேதியியல். நம்மவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்படி ஏதோ ஒரு பாடத்தை ஏதோ ஒரு பிளாசாவில்தான் முடித்திருப்பார்கள். மாகாணம் அந்தப் பள்ளியை அங்கீகரித்திருந்தது. எங்கள் அனுமதிப் பிரிவோ அப்படியான பள்ளிகளை ஒவ்வொன்றாகத் தனியே பரிசீலிப்போம் என்று வைத்திருந்தது. பரிசீலிக்கலாம், அதில் குற்றமில்லை. பரிசீலித்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் எழுதிக் கேட்டேன். உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது என்று உடனே பதில் வந்தது. அதை எழுதியது இயந்திரம். பத்து வேலை நாட்கள் கழித்து மறுபடி கேட்டேன். விளையாட்டு மாணவர்களின் கோவைகள் இணைப்பாளர் வழியாகத்தான் வரவேண்டும் என்றார்கள். இணைப்பாளருக்கு எழுதினேன். அவர் விடுமுறையில் இருப்பதாகவும் அவசரமென்றால் அனுமதிப் பிரிவைத் தொடர்புகொள்ளும்படியும் பதில் வந்தது. சரி, நேரே போவோம் என்று பனிக்குள் முற்றத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். முன் மேசையில் இருந்த பெண் இணையத்தில் நேரம் பதிவு செய்யச் சொன்னாள். நான் இங்கே வேலை செய்கிறவள் என்றேன். ஊழியர்கள் அந்த வழியாகப் பதிவு செய்ய முடியாது என்றாள். அப்படியானால் எந்த வழி என்றேன். இணைப்பாளர் வழி என்றாள். அவள் முகத்தில் ஒரு கபடமும் இல்லை. இப்படியானவர்களோடு கோபித்துக்கொள்ளக்கூட முடியாது என்பதுதான் இதில் ஆகக் கொடுமையான பகுதி.

இதற்கிடையில் தைப்பொங்கல் வந்தது.

சகானாவின் அப்பா படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இங்கே பழைய மாணவர் சங்கம் ஒன்று உண்டு. எந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் இல்லை? பொங்கல் ஒன்றுகூடலில் சங்கத்து அங்கத்தவர்களின் பிள்ளைகளை வாழ்த்துவது வழக்கம். அப்பா பெருமையில் வாயை விட்டுவிட்டார். சங்கத்தார் மண்டபத்தின் வாசலை மறைக்கிற அளவுக்கு ஒரு பனர் அடித்தார்கள். அதில் எங்கள் கல்லூரியின் சின்னம், எங்கள் அணியின் நிறம், "கனடிய ஐஸ் ஹொக்கியில் எங்கள் மண்ணின் மகள்" என்று ஒரு வரி. கோல்கீப்பர் முகமூடி போட்டால் முகம் தெரியாது. வாழ்த்துப் பனரில் முகம் தெரியாமல் இருக்கலாமா? ஆகவே முகமூடிப் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றப் படத்தையும் வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் காலில் தடித்த காப்புப் பாட், பக்கத்துப் படத்தில் சலங்கை. உண்மையைச் சொன்னால் நல்ல பனர்தான். எங்கள் இணையத் தளத்தில் இதற்குப் பாதி அழகாக எதுவும் வந்ததில்லை.

ஒருவர் அதைப் படமெடுத்துப் போட்டார். இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். மூன்றாமவர் எங்கள் அணியின் பெயரையும் இணைத்துவிட்டார். இளம் ஆட்டக்காரர்கள் எங்கே சேருகிறார்கள் என்று திரட்டிப் போடும் ஒரு தளம், திங்கட்கிழமை காலை அதை அப்படியே எடுத்துப் போட்டது. நான் கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது.

வடக்கு நகரத்துப் பயிற்சியாளர். நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. செய்தி உண்மைதானா என்று கேட்டார். உண்மையென்றால் மகிழ்ச்சி, தான் வைத்திருக்கும் இடத்தைக் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்கு இன்றைக்கே கொடுக்க வேண்டும் என்றார். வேறு கல்லூரியோடு ஒரு பிள்ளையின் சேர்க்கையைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை. எங்கள் தளத்தில் இல்லாதது எங்கள் செய்தியல்ல என்று மட்டும் சொன்னேன். அவர் மாலைவரை பொறுப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

அதற்குப் பிறகு பயிற்சியாளர் வந்தார். ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி என்ன ஒளிப்பு, போட்டுவிடு என்றார். அவர் போனதும் துணை இயக்குநர் வந்தார். கல்லூரியின் சின்னத்தைக் கண்டவர்களும் பயன்படுத்துகிறார்கள், இப்படி ஒருவரும் எங்கள் அணியில் சேரவில்லை என்று மறுப்பு விடு என்றார். இருவருக்கும் அவசரம். இருவரும் என் மேசையின் மேல் கையை ஊன்றி நின்றே பேசினார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். போட்டால், வடக்கிலுள்ள இடம் அன்று மாலையே போய்விடும். நாளைக்கு அனுமதிப் பிரிவு புடவைக்கடை மாடி வேதியியல் செல்லாது என்று சொன்னால், பிள்ளைக்கு அங்கேயுமில்லை, இங்கேயுமில்லை. மறுத்தால், எங்கள் பயிற்சியாளர் கொடுத்த வாக்கு பொய்யாகும், அவள் சங்கத்து மண்டபம் முழுவதற்கும் பொய்க்காரியாவாள். பேசாமல் இருந்தால், ஹொக்கி உலகம் அதை ஓம், உண்மை என்றே எடுக்கும். மூன்றுக்குமே கைநூலில் தனித்தனிப் பந்தி இருந்தது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்கு இருக்கவில்லை.

நான் தளத்தில் ஒரே ஒரு வரி போட்டேன்: அடுத்த பருவத்துக்கு யாருடைய பெயரையும் எங்கள் அணி இதுவரை அறிவிக்கவில்லை, முறைகள் முடிந்ததும் எல்லாப் பெயர்களும் இங்கேதான் வரும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஒருவரையும் குறிப்பிடவுமில்லை. பயிற்சியாளருக்கும் பிடிக்கவில்லை, துணை இயக்குநருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாகக் கோபித்தால், வரி சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு ஸ்காபரோவுக்குப் போனேன்.

சகானாவுக்குப் பள்ளி முடிந்து பயிற்சி இருந்தது. பயிற்சி நடக்கும் அரீனாவின் வாகனத் தரிப்பிடத்தில் அப்பாவின் வான் நின்றது. அவர் என்னைக் கண்டதும் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"என்னக்கா, உங்கட வெப்சைட்டில ஒருத்தரையும் எடுக்கேல்லை எண்டு போட்டிருக்கிறியள். எங்கட பிள்ளையின்ர பேரைப் போட உங்களுக்கு என்ன நோகுது? வெள்ளைக்காரக் கோச்சே ஓம் எண்டிட்டான். தமிழாள் நீங்கதான் குறுக்க நிக்கிறியள்."

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. முப்பது வருடம் ஒரே அலுவலகத்தில் ஒரே தமிழாளாக இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். "எடுக்கேல்லை எண்டு போடேல்லைத் தம்பி, இன்னும் அறிவிக்கேல்லை எண்டுதான் போட்டனான்," என்றேன். பின்கதவைத் திறந்து, ஹொக்கிப் பையை ஒதுக்கிவிட்டு ஏறினேன். அந்தப் பையின் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். சகானா முன் சீட்டில் இருந்தாள். நான் அவளோடுதான் பேசினேன்.

எங்கள் அனுமதிப் பிரிவு இன்னும் பதில் சொல்லவில்லை, எப்போது சொல்லும் என்று எனக்குத் தெரியாது என்றேன். வடக்குக் கோச் இன்று மாலைவரைதான் பொறுப்பார். அவரோடு உன்னைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. உனக்கு இருக்கிறது. உன்னைப் பற்றி நீ பேசுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

"அதெப்படி அக்கா?" என்றார் அப்பா. "சங்கத்தில எல்லாருக்கும் சொல்லியாச்சு. பனர் அடிச்சாச்சு. இப்ப போய் மற்ற இடத்துக்காரனோட கதைச்சால், இவள் எடுபடேல்லை எண்டுதானே அர்த்தம்? நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது?"

சகானா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பா, பனரே கோல் நெற்றுக்குள்ள நிக்கப்போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கவில்லை. அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று வானுக்குள்ளேயே ஒலிபெருக்கியில் போட்டு வடக்குக் கோச்சை அழைத்தாள்.

ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினாள். ரொறன்ரோவுக்கு வாயால் சம்மதம் சொன்னது உண்மை, அவர்களின் அனுமதிப் பிரிவு இன்னும் பதில் சொல்லவில்லை, பனர் அப்பாவின் நண்பர்கள் அன்பால் அடித்தது என்றாள். அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாளைக்கு அவர்கள் ஓம் என்றாலும் என்னிடம் வருவாயா? இதற்கு ஆம் என்று சொன்னால் இடம் நிற்கும் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், சொல், சொல் என்று. அவள் இல்லை என்றாள். முதலில் அவர்களுக்குத்தான் சொன்னேன், ஆகவே அங்கேதான் போவேன். ஆனால் பெப்ரவரி முடிவதற்குள் அவர்கள் பதில் சொல்லாவிட்டால் நான் உங்களுடையவள், அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அவர், பெப்ரவரி முடிவுவரை இடம் இருக்கும் என்றார். இப்படி உண்மை சொல்கிற கோல்கீப்பருக்குக் காத்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, உங்கட ஆக்கள் பெப்ரவரிக்குள்ள சொல்லுவினம்தானே?"

நான் உறுதி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன் என்றுமட்டும் சொன்னேன். அதைச் செய்தேன். பிளாசாப் பள்ளி நடத்துகிறவரே ஒருநாள் எதிர்க் கட்டடத்துக்கு நேரில் வந்து சான்றிதழ்களைக் கொடுத்தார். இணைப்பாளர் வழியாக அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். துணை இயக்குநர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதை அனுமதிப் பிரிவுக்கு அனுப்பியது. அனுமதிப் பிரிவு அதை என்னுடைய பழைய கோரிக்கையோடு சேர்த்து, பரிசீலனையில் உள்ளது என்று எனக்கே திருப்பி அறிவித்தது.

பெப்ரவரியின் கடைசி நாள், பயிற்சியாளர் அவளிடம் இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நீ தமிழில் சொன்னால் கேட்பாள் என்றார். நான் மாட்டேன் என்றேன். அவள் ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். நாம் காப்பாற்றாததை அவளாவது காப்பாற்றட்டும் என்றேன். அவரே ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று பின்னேரமே வடக்குக்குக் கையொப்பமிட்டாள். அவர்களுடைய அனுமதிப் பிரிவு அதே புடவைக்கடை மாடி வேதியியலை ஏற்றுக்கொள்ள எடுத்த காலத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்கு மறுபடி இரத்த அழுத்தம் ஏறும். பயிற்சியாளர் கோடைவரை என்னோடு பேசவில்லை. சகானாவின் அப்பாவும் பேசவில்லை. சங்கம் வேறு சின்னத்தோடு புதிய பனர் அடித்ததாகக் கேள்விப்பட்டேன். அரங்கேற்றப் படம் அதே படம்தானாம்.

நீங்கள் இதிலிருந்து பாடம் எடுக்க விரும்பினால், விதியை அலட்சியம் செய்யலாம் என்று எடுக்காதீர்கள். நான் அந்த விதியில் ஒரு சொல்லையும் மீறவில்லை. செய்தியைப் போடாமல் இருந்தது விதிப்படி சரி. ஆனால் விதிப்படி சரியாக நடந்துவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளை வீட்டில் இருந்திருப்பாள். நம்முடைய வேலையில் பெரும்பாலான தீங்கு பிழையாகச் செய்தவர்களால் வருவதில்லை. தங்கள் பங்கைச் சரியாகச் செய்துவிட்டு, அடுத்தவரின் பங்கு வரும் என்று காத்திருந்தவர்களால்தான் வருகிறது.

அடுத்த பருவம் என்னுடைய கடைசிப் பருவம். வடக்கு அணி எங்கள் அரீனாவுக்கு ஆட வந்தது. அவர்களின் முதல் கோல்கீப்பருக்குக் காயம். நெற்றில் முதலாம் வருடப் பிள்ளை நின்றாள். எங்கள் ஆட்கள் அடித்த எதுவும் உள்ளே போகவில்லை. மூன்றாவதான கடைசிப் பகுதியில் எங்கள் பயிற்சியாளர் ஒருமுறை திரும்பி, நான் இருந்த செய்தி மேசையைப் பார்த்தார். நான் குறிப்பெழுதுவதில் மும்முரமாக இருந்தேன். பார்வையாளர் பக்கத்தில், எங்கள் நிறத்துக்கு நடுவே, வேறு நிறத் தொப்பியோடு ஒருவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். முந்திய இடைவேளையில் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "சீனி போட்டிருக்கக்கா," என்று மட்டும் சொல்லிப் போனவரும் அவர்தான்.

ஆட்டம் முடிந்து அறைக்குப் போகும் வழியில் சகானா முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். வியர்வையில் முகம் சிவந்திருந்தது.

"அன்ரி, இப்பவாவது என்ர பேர் உங்கட வெப்சைட்டில வருமா?"

"ஓம் பிள்ளை. தலைப்பிலேயே வரும்."

அவள் போன பிறகு ஆட்ட அறிக்கையை எழுதினேன். தோற்ற அணியின் தளத்தில் வென்ற அணியின் கோல்கீப்பரைத் தலைப்பில் வைப்பது வழக்கமில்லை; தடை செய்கிற விதியும் இல்லை. வெளியிடுவதற்கு முன், பழக்கதோஷத்தில் அஞ்சல் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தேன். அனுமதிப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். உங்கள் பொறுமைக்கு நன்றி. மேற்படி விண்ணப்பதாரியின் வேதியியல் பாடம் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. கடந்த செப்டெம்பரில் தொடங்கிய கல்வியாண்டுக்கு அவர் தகுதியுடையவர். கீழே, எங்கள் சேவையில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள் என்று ஐந்து நட்சத்திரங்கள்.

ஆகவே அவளுடைய பெயர் எங்கள் தளத்தில் முதன்முதலாக வந்தபோது, கைநூல் கேட்டபடி அனுமதிப் பிரிவின் எழுத்துமூல உறுதியும் என் கையில் இருந்தது. அது வந்து சேர்ந்த தேதி, நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை.